கொரியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை: வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு நான்கு மாத விடுமுறை என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

15 மணி நேரம் உண்மை. விடுமுறையும் உண்மை. மார்ச்சில் தொடங்கும் அரையாண்டு ஜூன் நடுவில் முடிந்துவிடும், செப்டம்பரில் தொடங்குவது டிசம்பரில் முடியும். உங்களை வேலைக்கு அழைக்கிற முகவர் இதை மட்டும்தான் சொல்லியிருப்பார். எந்த விசா என்று கேட்டீர்களா? துறையில் சேர்த்தால் பெரும்பாலும் பேராசிரியர்களுக்கான ஈ-1. மொழி மையம் என்றால் ஈ-2 ஆக இருக்கும். அங்கே வகுப்புகள் கூடுதல், விடுமுறையிலும் வேலை இருக்கும். ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்குத்தான். உங்களிடம் என்னைப் போலக் கனேடியக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் 2016 மார்ச் முதல் 2018 பெப்ரவரி முடிய, தென்கொரியாவின் தென்பகுதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். சம்பளம் மாதம் 26 லட்சம் வொன். ஊரில் உள்ள மாமாமாருக்குச் சொல்லும்போது அந்த 'லட்சம்' நன்றாக உதவியது.

ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டாகத்தான். 2017 டிசம்பரில், புதுப்பிக்கவில்லை என்று மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. பிறப்பு குறைந்து, வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்த காலம். செர்ரி பூக்கும் வரிசைப்படி பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்று அங்கே சொல்வார்கள். பூ தெற்கில்தான் முதலில் மலரும். ஆகவே அதற்கு நான் கோபப்படவில்லை. பணிக்கொடைக்குத்தான் கோபம் வந்தது.

ஓராண்டு வேலை செய்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை, விலகிய 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். தனியார் பள்ளி ஆசிரியர் ஓய்வூதியத்தில் உங்களைச் சேர்த்திருந்தால் கணக்கு வேறு. என்னைச் சேர்க்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "ஒப்பந்தத்தைப் படியுங்கள், மாதச் சம்பளத்துக்குள்ளேயே அது இருக்கிறது" என்றார்கள். கையெழுத்து என்னுடையதுதான். படிக்காமல் போட்டவன் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே யாராவது வந்து சொல்வார்கள்.

தொழிலாளர் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. பழைய மாணவி ஒருத்தி வர ஒப்புக்கொண்டாள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஒப்பீட்டு மதிப்பெண் முறைப்படி எங்கள் வகுப்புகளில் 30 சதவீதத்துக்கு மேல் ஏ கொடுக்கக் கூடாது. 24 பேரில் ஏழு பேருக்குத்தான். அவள் வகுப்பில் பதினொரு பேர் 90க்கு மேல் எடுத்திருந்தார்கள். கணினி எட்டாவது ஏ-யை ஏற்கவே ஏற்காது. நால்வரை பி பிளஸுக்கு இறக்கினேன். அவள் அதில் ஒருத்தி. இரவில் கடையில் வேலை பார்த்துவிட்டு, காலை ஒன்பது மணி வகுப்புக்கு ஈரத் தலையோடு வந்து உட்காருவாள்.

அதிகாரி ஒப்பந்தத்தைப் புரட்டி, அந்த வரியின் கீழ் பென்சிலை வைத்து, இரண்டு முறை படித்தார். பிறகு அவளிடம் ஏதோ சொன்னார். "இந்த வரி செல்லாதாம் ஐயா" என்றாள். சம்பளத்தோடு பணிக்கொடையைக் கலந்து கொடுப்பது செல்லாது என்று அங்கே உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். ஒரு மாதத்தில் பணம் வந்தது.

வந்தும் உடனே கைக்குக் கிடைக்கவில்லை. என் பெயர் அப்பாவின் பெயரோடு சேர்த்து 27 எழுத்து. வங்கிக் கணக்கில் அப்பா பாதியில் வெட்டுப்பட்டிருந்தார், கைப்பேசிக் கணக்கில் முழுதாக இருந்தார். இரண்டும் பொருந்தாததால்தான் அந்தப் பணமும் சிக்கியது. இதே காரணத்தால் இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் ஒரு ரயில் டிக்கெட்கூட வாங்க முடியவில்லை. உலகுக்கே கைப்பேசி விற்கிற நாடு! நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும் குறுகிய பெயராக இருந்தால் நல்லது.

கொரியாவைத் தூற்றுகிறான் என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு: ரொறன்ரோவில் பகுதிநேர விரிவுரையாளராக நான் பட்டதைவிட அங்கே எவ்வளவோ மேல். மாணவர்கள் தங்கமானவர்கள். போங்கள். ஒப்பந்தத்தின் கொரிய மொழிப் பிரதியை மட்டும் கையெழுத்துக்கு முன்பே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த பி பிளஸுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தொண்ணூற்றிரண்டு ஐயா" என்றாள்.