ஆங்கில வினைக்குப் பின்னால் எந்த பிரிபொசிஷன் (அட், டு, வித், ஃபார் போன்ற சின்னச் சொல்)? கேள்வி பதில்

கேள்வி: மேடம், 'வி டிஸ்கஸ்டு அபவுட் த பிராப்ளம்' என்று மெயிலில் எழுதினேன். மேனேஜர் அபவுட்டை அடித்துவிட்டார். அதில் என்ன தப்பு?

பதில்: டிஸ்கஸ் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும் வினை. 'வி டிஸ்கஸ்டு த பிராப்ளம்', அவ்வளவுதான். மனசுக்குள் 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்று ஓடுகிறது இல்லையா, அந்தப் 'பற்றி'தான் அபவுட்டாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதையே பெயர்ச்சொல்லாக்கினால் அபவுட் சரி: 'வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த பிராப்ளம்'. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதித் தப்பு இதில்தான் நடக்கிறது. 'ஐ ரிக்வெஸ்டட் லீவ்' என்பதில் ரிக்வெஸ்ட் வினை, ஃபார் வேண்டாம். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதில் அது பெயர், ஃபார் வேண்டும். எம்ஃபசைஸ் வினை, தனியாக நிற்கும்; எம்ஃபசிஸ் பெயர், ஆன் கேட்கும். எழுதும்போது சந்தேகம் வந்தால், அந்தச் சொல் வினையா பெயரா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 'மேரீட் வித்'தா, 'மேரீட் டு'வா?

பதில்: டு. 'ஷீ இஸ் மேரீட் டு எ டாக்டர்'. 'டாக்டரோடு கல்யாணம்' என்கிற 'ஓடு'தான் நம்மை வித் பக்கம் இழுக்கிறது. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்பதும் நல்ல ஆங்கிலம்தான். ஆனால் அதற்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: அட், டு இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை. 'ஹீ த்ரூ த பால் டு மீ' என்றால் நான் பிடிக்கட்டும் என்று போட்டான். 'ஹீ த்ரூ த பால் அட் மீ' என்றால் என்மேல் படட்டும் என்று எறிந்தான். ஷவுட்டும் அப்படித்தான்: டு என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கத்துவது, அட் என்றால் கோபத்தில் கத்துவது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. ஒரு சின்னச் சொல்லில் ஒருவருடைய எண்ணமே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: 'ரீச்டு டு ஹோம்' சரியா?

பதில்: 'ரீச்டு ஹோம்' போதும். அரைவ் மட்டும் ஊருக்கு இன், ஸ்டேஷனுக்கு அட் கேட்கும்.

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்றுதான் எப்போதும் எழுதுகிறேன், அக்கா.

பதில்: இனிமேல் 'டு மீட்டிங் யூ' என்று எழுதுங்கள் தம்பி. இங்கே டு பிரிபொசிஷன். அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: 'லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை'. பெயர் பொருந்துகிறதென்றால் வினைக்கு ஐஎன்ஜி போட்டாக வேண்டும்.