பெர்னாண்டோ என்று பெயர் இருந்தால் போர்த்துகீசிய ரத்தம் என்று அர்த்தமா?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: தூத்துக்குடிப் பக்கம் பெர்னாண்டோ, மோத்தா, ரோச், கொரைரா, மச்சாடோ என்றெல்லாம் குடும்பப் பெயர்கள் இருக்கின்றனவே, இவர்கள் போர்த்துகீசியர் வழிவந்தவர்களா? டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

நான் தூத்துக்குடிக்காரன். பரதவர் வீட்டுப் பிள்ளை. ஏட்டில் பெர்னாண்டோ, ஊர்ப் பேச்சில் பர்னாந்து. இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேலாளர் என் விண்ணப்பத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேரு பர்னாண்டோன்னு இருக்கு, ஆளு நம்மாளா இருக்கீங்களே தம்பி" என்றார். அவர் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "நம்மாள்" என்பதற்கு என் பெயர் ஏன் குறுக்கே நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். இன்னொரு பக்கம், வீட்டுக்குள்ளேயே என் பெரியப்பா, லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த மாலுமி ஒருவர்தான் நம் குடும்பத்துக்கு மூலவர் என்று சாகும்வரை நம்பினார். ஆவணம் எதுவும் கிடையாது. பெயர் ஒன்றுதான் அவருக்கு ஆதாரம்.

அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்கிறேன். 1530களில் முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடியைச் சுற்றிய எங்கள் கடற்கரையில், பெரும் சண்டை. முத்துச் சலாபம் (முத்துக் குளிக்கும் தொழில்) யார் கையில் என்ற போட்டி கொலை வரைக்கும் போனது. அந்தச் சமயத்தில் இங்கே குதிரை வியாபாரத்துக்கு வந்திருந்தவர் ஜுவாம் தெ குரூஸ். பெயரைக் கேட்டால் போர்த்துகீசியர் என்று தோன்றும். ஆனால் அவர் மலபார்க்காரர். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி அவரை லிஸ்பனுக்கு அனுப்பிவைக்க, 1513-இல் அங்கே போனவர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்று அந்தப் பெயரோடு திரும்பினார். கொச்சியில் இருக்கும் போர்த்துகீசியரிடம் போங்கள், பாதுகாப்புக் கிடைக்கும் என்று பரதவர் தலைவர்களுக்கு வழி சொன்னவர் அவர்தான். தலைவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னாலேயே குருக்கள் இங்கே வந்தார்கள். 1537-க்குள் கடற்கரை முழுவதும் 20,000 பேர் வரை ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்வார்கள்.

விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள், இருபதாயிரம் பேர். ஆளுக்கு ஆள் யோசித்துப் பெயர் வைக்க நேரம் ஏது? ஞானத்தந்தையாக (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவராக) நின்ற கப்பல் தலைவர், படைவீரர், வியாபாரி ஆகியோரின் பெயர் பிள்ளைக்கு வந்தது. சாதித்தலைவர் குடும்பமே தங்களுக்கு வழிகாட்டிய அந்த மலபார்க்காரரின் "தெ குரூஸ்" பெயரை எடுத்துக்கொண்டது. போர்த்துகீசியப் பெயர், அதைக் கொடுத்தவர் மலையாள நாட்டவர், வாங்கியவர் பாண்டிநாட்டுப் பரதவர். இதில் லிஸ்பன் ரத்தம் எங்கே வருகிறது?

புனித சவேரியார் 1542-இல் இங்கே வந்தார். இரண்டு வருடம் கழித்துத் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு (அந்தக் கரையின் மீனவச் சமூகம்) ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதியே கொடுத்ததாகவும் அதில் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி மனதில் வரும்: கடலுக்குப் போய்வந்த கையோடு ஒருவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்க்கிறார், எழுத்து தெரியாது, பத்திரமாக மடியில் முடிந்துகொள்கிறார்.

பெயர்களின் பொருளையும் பார்த்துவிடலாம். மச்சாடோ என்றால் கோடரி. பெரேரா, பேரிக்காய் மரம். சில்வா, காடு. ரோச் பாறையிலிருந்து வந்தது, கொரைரா தோல்வாரிலிருந்து. பெர்னாண்டோவுக்குப் போர்த்துகல்கூடச் சொந்த ஊர் கிடையாது. ரோமப் பேரரசு சரிந்தபோது ஐபீரியாவுக்குள் புகுந்த விசிகோத்துகளின் ஜெர்மானியப் பெயர் அது. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ஆக, போர்த்துகீசியருக்கே அது வந்த பெயர்தான். அவர்கள் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தது, அவ்வளவுதான். மேசையும் சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவை. அவற்றைத் தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிறோம்.

இன்னொரு சான்று எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் அப்பா பெர்னாண்டோ. அம்மா பிறந்த வீடும் பெர்னாண்டோ. இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு முன் எந்த உறவும் கிடையாது. கொங்குப் பக்கம் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். நகரத்தாரில் ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. அங்கே பெயர் தந்தைவழியைக் காவல் காக்கிறது. எங்கள் கடற்கரையில் பெர்னாண்டோ பெர்னாண்டோவைக் கட்டுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பங்காளி யார், சம்பந்தி யார் என்று பெரியவர்கள் வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் எங்களைச் "சுக்கான் வீடு" என்பார்கள். தாத்தாவின் தாத்தா கொழும்புத் தோணியில் சுக்கான் பிடித்தவர். ஊரில் அத்தனை பெர்னாண்டோக்கள் இருக்கும்போது எந்த பெர்னாண்டோ என்று சொல்ல அந்தப் பட்டப்பெயர்தான் உதவும். வம்சம் தேட வேண்டுமென்றால் நான் அந்தப் பட்டப்பெயரைத்தான் பிடித்துக்கொண்டு போவேன். வில்லவராயர், பூபாலராயர், காலிங்கராயர் என்று பழைய தமிழ்ப் பட்டங்களையே இன்றும் குடும்பப் பெயராக வைத்திருக்கும் வீடுகளும் பரதவருக்குள் உண்டு. பெர்னாண்டோ வீட்டுக்கும் வில்லவராயர் வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை எப்போதும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் போனேன். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். பங்குத்தந்தை பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய மூன்று புத்தகங்களை எடுத்துவைத்தார். செல்லரித்த ஓரம், பழுப்பு மை, எல்லாம் லத்தீன். நாள், பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், கடைசியில் ஞானப்பெற்றோர். மத்தியானம் வரை உட்கார்ந்து 1860களில் பிறந்த என் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்தேன். விரலால் அந்த வரியைத் தொட்டேன். அவர் பெயருக்குப் பின்னால் பெர்னாண்டஸ் என்றிருந்தது. அடுத்த புத்தகத்தில் அவருடைய தம்பி பெர்னாண்டோ. அவர் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமி காதில் விழுந்தபடியே பர்னாந்து என்று எழுதிவைத்திருக்கிறார். ஒரே வீடு, நாற்பது வருடம், மூன்று பெயர். "மகன்" என்ற விகுதி எந்தப் பெயரில் இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதியவரும் பார்க்கவில்லை, எழுதச் சொன்னவரும் பார்க்கவில்லை.

இனி மரபணு. என் தங்கை மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊருக்கு வரும்போது எச்சில் துப்பி அனுப்பும் சோதனைக் குப்பி ஒன்று கொண்டுவந்தான். "மாமா, பெரிய தாத்தா சொன்ன மாலுமியைப் பார்த்துருவோம்" என்றான். இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும். ஐரோப்பா என்ற வரியே இல்லை. தந்தைவழி ஒய் குரோமோசோம் "எல்" பிரிவு. தென்னிந்தியாவில் நிறையப் பேருக்கு இருப்பது. போர்த்துகல் ஆண்களில் பாதிக்கு மேல் "ஆர்1பி". தாய்வழி "எம்", அதுவும் இந்த மண்ணில் பரவலாக இருப்பதுதான்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. குடும்பப் பெயரும் அதே பாதையில்தான் போகிறது. அதனால்தான் இரண்டையும் ஒட்டிப் பார்க்கிறார்கள். 2000-இல் இங்கிலாந்தில் பிரயன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தன் குடும்பப் பெயரான சைக்ஸ் என்பதைக் கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே ஒய் வகை. ஒரே ஆளிடமிருந்து கிளம்பிய பெயராக இருக்கலாம் என்றார். அரிதான பெயர் என்றால் இப்படிப் பொருந்த வாய்ப்பு அதிகம். ஸ்மித் மாதிரி ஊரெல்லாம் இருக்கும் பெயர் என்றால் ஒன்றும் பொருந்தாது, ஏனென்றால் கொல்லன் என்ற தொழிலிலிருந்து ஆயிரம் இடத்தில் தனித்தனியாகக் கிளம்பிய பெயர் அது. எங்கள் பெர்னாண்டோவும் ஸ்மித் சாதிதான். ஒரே நாளில் நூறு வீட்டுக்குக் கொடுத்த பெயரில் ஒரே வம்சத்தைத் தேட முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோதனையில் ஐரோப்பா வரவில்லை என்பதால் 490 வருடத்தில் ஒரு போர்த்துகீசியர்கூட என் முன்னோரில் இல்லை என்று ஆகாது. முப்பது வருடத்துக்கு ஒரு தலைமுறை என்றால் அது 16 தலைமுறை. அந்த உயரத்தில் முன்னோருக்கான இடங்கள் 65,536. அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிக்கொண்டே வந்ததால் ஒரே ஆட்கள் பல இடங்களில் நிற்பார்கள், அது வேறு. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் வெளிநாட்டவர் என்றால் அவருடைய டிஎன்ஏ ஒரு துணுக்குக்கூட என்னிடம் வந்து சேராமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிகிறது. கழிவது எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கல். நிறுவனங்கள் காட்டும் சதவீதம்கூட அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடுதான். எனவே சதவீதத்தை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், கண்கலங்கவும் வேண்டாம்.

பெயரும் ரத்தமும் சேர்ந்தே வந்த இடங்களும் உண்டு. மட்டக்களப்பில் இருக்கும் போர்த்துகீசியப் பறங்கியர் உண்மையிலேயே கலப்பு வழியினர். அவர்களின் கிரியோல் மொழி அண்மைக்காலம் வரை வீடுகளில் புழங்கியது. கோவாவில் 1510-க்குப் பிறகு போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் தன் வீரர்களை உள்ளூர்ப் பெண்களை மணக்கத் தூண்டினார். அப்படியிருந்தும், 2021-இல் வெளியான ஆய்வில் கோவா, கும்டா, மங்களூர் கத்தோலிக்கர்களின் மரபணுவைப் பார்த்தபோது, பெரும்பாலும் கௌட சாரஸ்வதப் பிராமணச் சமூகத்தோடுதான் நெருக்கம் தெரிந்தது. ஊருக்கு ஊர் கதை வேறு. பெயரை மட்டும் பார்த்து யாரையும் ஒரு கூடையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெரியப்பா இருந்திருந்தால் முடிவைக் காட்டியிருப்பேனா என்று தங்கை கேட்டாள். காட்டியிருப்பேன். கூடவே அந்த லத்தீன் பதிவின் கடைசிக் கட்டத்தையும் காட்டியிருப்பேன். ஞானத்தந்தை என்ற அந்த இடத்தில்தான் எங்கள் பெயர் பிறந்தது. உயிர் பிழைக்க ஒரு சமூகம் செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம் அது. மாலுமியின் கதையைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்ன நண்பர்களிடம் மாட்டேன் என்றேன்.

உங்கள் குடும்பமும் இந்தக் கரைதான் என்றால், சோதனைக்குப் பணம் கட்டும் முன் பூர்வீக ஊர்ப் பங்குக்கு ஒருமுறை போய்வாருங்கள். பிள்ளை, தகப்பன் பெயர்களோடு ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதி எடுங்கள். வீட்டின் பட்டப்பெயரை வயதானவர்களிடம் இப்போதே கேட்டுவையுங்கள். போன ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த வாரம், என் பேத்திக்கு ஞானஸ்நானம். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் வில்லவராயர் வீட்டுப் பையன் ஞானத்தந்தையாகக் கையெழுத்துப் போட்டான். சாமி அதை இந்தத் தடவை தமிழில் எழுதினார்.