தோல் உறைக்குள் கத்தியை உறங்க விடாதீர்கள்

கேள்வி: என் தாத்தாவின் வேட்டைக் கத்தி ஒன்று இருக்கிறது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் பித்தளைக் காப்பு. ஆயுத பூஜைக்காக அதற்குப் பாலிஷ் போட்டு, பெரியமேட்டில் புதுத் தோல் உறையும் தைத்து வாங்கினேன். திருக்கார்த்திகைக்குள் உறையின் வாய் படுகிற இடத்தில் பச்சையாக ஒரு கோடு, பக்கத்தில் பழுப்புத் திட்டு. உறை விறைக்காமல் இருக்க வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பாலிஷ் கடைக்காரர், “பித்தளை மட்டம் சார், நிக்கல் முலாம் போட்டால் தீர்ந்தது, 1,800 ரூபாய்” என்கிறார். போடலாமா? – பெரம்பூர் வாசகர்

போடாதீர்கள். உங்கள் பித்தளைக்கு ஒரு குறையும் இல்லை. மட்டமாக இருந்திருந்தால் தாத்தா காலத்திலேயே பல்லிளித்திருக்கும். தப்பு உறையில் இருக்கிறது, கொஞ்சம் உங்கள் எண்ணெய்க் கிண்ணத்திலும்.

தோலைப் பதனிடும்போது உப்பும் அமிலமும் சேர்க்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலுக்கும் இயல்பாகவே புளிப்பு உண்டு. வறண்ட ஊரில் இதெல்லாம் சும்மா கிடக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். தோல் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு, நனைந்த துணி மாதிரி காப்பைக் கட்டிக்கொள்கிறது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. ஈரமும் புளிப்பும் பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தக்காரர்கள் சொன்னதற்கு மேல் நான் சொல்லிவிடப் போவதில்லை.

இதில் எண்ணெய் வேறு. செம்பும் கொழுப்பும் சேர்ந்தால் பச்சையாக ஒரு பசை உண்டாகும். அது ஒருவகைச் சோப்புதான். அந்தப் பச்சைக் கோட்டை நகத்தால் மெதுவாக வழித்துப் பாருங்கள். பொடியாக உதிராமல் மெழுகு மாதிரி நகத்தில் ஒட்டினால், தேங்காய் எண்ணெய்க்கு இன்றோடு முழுக்குப் போட்டுவிடுங்கள். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் அதே ஜாதிதான்.

பழுப்புத் திட்டு பெரும்பாலும் தைத்த அன்றே விழுந்திருக்கும். உறைக்கு வடிவம் வர, தோலை நனைத்து, கத்தியை உள்ளே செருகி, அழுத்திக் காயவைப்பார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தோலுக்குள் கிடந்தால் எந்தப் பித்தளை தாங்கும்? காப்பை ஒட்டிய இடத்தில் அலகைப் பாருங்கள். இரும்பு நீலக்கருப்பாக மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சமாசாரம்தான். தோலின் துவர்ப்பு உங்கள் கத்தியில் மை காய்ச்சியிருக்கிறது. அடுத்தமுறை உறை தைக்கக் கொடுக்கும்போது, சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கத்தியில் இரண்டு சுற்று சுற்றிக் கொடுங்கள்.

“இது எந்தப் பதம்?” என்று கடையில் கேட்டீர்களா? கேட்டிருந்தால் “ஒரிஜினல் லெதர் சார்” என்றிருப்பார். அது பதிலே இல்லை. செருப்புக்குப் போடுகிற தோலும் ஒரிஜினல் தோல்தான். குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே குரோம் தோல் ஆலையால். அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், வாங்குகிறவன் கையில் ‘இந்தத் தோல் இன்ன பதம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு வருவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூட சோடியம் எவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். சரி, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெட்டிய விளிம்பின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் பதம் (குரோமிய உப்பில் பதனிட்டது), உள்ளே வரை பழுப்பாக இருந்தால் பட்டைப் பதம். கத்திக்குப் பட்டைப் பதம் தேவலை. ஆனால் அதுவும் கறை வைக்கும், கொஞ்சம் மெதுவாக.

முலாம் விஷயத்துக்கு வருகிறேன். பல பாலிஷ் கடைகளில் முலாம் தொட்டியே கிடையாது. உங்களிடம் வாங்கி வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டு, நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்வார்கள். பட்டறையில் கத்தியின் வரலாறு யாருக்குத் தெரியும்? சக்கரத்தில் பிடித்துக் காப்பின் விளிம்பையெல்லாம் மொழுக்கையாக்கி, அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். அந்த அமிலம் காப்புக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கினால், பிடிக்குள் செருகியிருக்கும் அலகின் வால் துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. புளி போட்டுத் தேய்த்தாலும் இதே கதைதான். சின்ன வயதில் நான் ஒரு கத்தியை அப்படித்தான் கெடுத்தேன். பிடி கழன்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெயின்ட் கடை டர்பென்டைனைப் பஞ்சில் தொட்டு, பிடியில் படாமல் பச்சையைத் துடைத்தெடுங்கள். பிறகு வெள்ளி விளக்கு தேய்க்கிற நைசான விபூதியை விரலில் எடுத்து, காப்பின் நீளவாக்கில் தேயுங்கள். விரலுக்கு நறநறவென்று பட்டால் அந்த விபூதி வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காருக்குப் போடும் மெழுகை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். இன்னொரு பூச்சும் அப்படியே. மெழுகு டப்பாவில் ‘கீறல் நீக்கும்’ என்று போட்டிருந்தால் அதில் அரம் மாதிரி பொடி கலந்திருக்கும், வாங்காதீர்கள். தைத்தவரிடமே உறையைக் கொண்டுபோய், காப்பை இறுக்காதபடி வாயை ஒரு நூல் அளவு விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். உறையைக் கவிழ்த்துத் தட்டி மணலையும் உதறுங்கள், மெல்லிய கீறல்கள் அதனால்தான் விழுகின்றன.

மெழுகு போடும் முன் ஒன்று பார்க்க வேண்டும். பாலிஷ் கடைக்காரர் மினுமினுப்பு போகாமலிருக்க லேக்கர் என்கிற நிறமில்லாத வார்னிஷ் பூச்சை அடித்திருக்கலாம். கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். காப்பின் அடிப்பக்க மூலையில், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் தொட்ட காது குடையும் பஞ்சுக்குச்சியை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் லேக்கர் இருக்கிறது. அதன்மேல் மெழுகு போட்டுப் பிரயோஜனமில்லை. லேக்கரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் களிம்பு அடியில் பரவி, சிலந்தி வலை மாதிரி ஓடும். மேலிருந்து எதைத் தேய்த்தாலும் போகாது. முழுக்க எடுத்துவிட்டுத்தான் மெழுகு. அந்தத் திரவம் பிளாஸ்டிக் பிடியைக் கரைத்துவிடும், ஆகவே பிடியை டேப்பால் மூடிக்கொண்டு செய்யுங்கள். லேக்கர் அரைகுறையாக உரிந்து நின்றால் அவசரப்பட்டு உப்புத்தாள் எடுக்க வேண்டாம், மறுநாள் திரும்பவும் பஞ்சுக்குச்சிதான்.

இவ்வளவு செய்துவிட்டுக் கத்தியை மறுபடி உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால் அடுத்த மழைக்கு அதே கோடு வரும். உறை வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் கத்தி தனியாக, நீலமும் கஞ்சியும் போடாத பருத்தித் துணியில் இருக்கட்டும்; உறை பக்கத்து ஆணியில் தொங்கட்டும். செருப்பு டப்பாவிலிருந்து எடுத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வைக்க வேண்டாம், அது கடையிலேயே குடித்து முடித்திருக்கும்.