வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தானா? கேள்வி பதில்

கோவையில் 27 வருடமாக கார் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். இன்ஜின் ஆயில் கிரேடு பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

திருநெல்வேலியிலிருந்து: அண்ணா, என்னோடது பெட்ரோல் கார், 2017 மாடல், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. வண்டியோட வந்த புத்தகத்துல 5டபிள்யூ-30னு போட்டிருக்கு. மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஆயிரும், 20டபிள்யூ-50 ஊத்துங்க"ங்கிறார். யார் சொல்றதைக் கேக்க?

தம்பி, புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை. அம்பாசிடர், பத்மினி மாதிரி பழைய கார்களில் கை பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த இன்ஜின்களில் பேரிங் இடைவெளி தாராளம், கெட்டி ஆயில்தான் நின்றது. உங்கள் இன்ஜினின் இடைவெளியும் ஆயில் பம்பும் 30 கிரேடை நினைத்துச் செய்தவை.

டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜினைச் சுற்ற ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கானது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூவை மைனஸ் 15-லும் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையை அளந்தது. 30 கிரேடு என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மைக்கான அளவு, எண் கூடினால் கெட்டி) இருக்க வேண்டும். 50 என்றால் 16.3-லிருந்து 21.9. அந்த 100 டிகிரி உங்கள் ஊர் வெயில் இல்லை, இன்ஜினுக்குள் இருக்கும் சூடு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஒரு அளவில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் கொஞ்ச நேரம் ஓடியபிறகு ஊட்டியிலும் திருநெல்வேலியிலும் ஆயில் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நான் பயப்படுவது காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத்தான். 30 டிகிரியில் 5டபிள்யூ-30 ஆயில் சுமார் 100 சென்டிஸ்டோக் இருக்கும். ஓடும்போது இருப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி! 20டபிள்யூ-50 அதைப்போல இன்னும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பம்ப் அதைத் தள்ளத் திணறும், பிரஷர் ஏறும், ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்ப அடித்தொட்டியான சம்ப்புக்கே அனுப்பும். பிரஷர் இருக்கிறது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை. வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் கேட்பது அப்போதுதான்.

ஒரு முறை இன்ஜின் லைட் எரிகிறது என்று ஒரு கார் வந்தது. வால்வு டைமிங்கை மாற்றும் சோலனாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) கழற்றிப் புதிது போட வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லிவிட்டிருந்தார்கள். ஆயில் லெவல் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், கையில் தேன் மாதிரி ஒட்டியது. அந்த அமைப்பு ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. வடித்துவிட்டுச் சரியான கிரேடு ஊற்றினோம், புது ஃபில்டர் போட்டோம். லைட் திரும்ப எரியவே இல்லை.

அவரே மறுபடியும்: ஏற்கெனவே 20டபிள்யூ-50 ஊத்தி 2,000 கி.மீ. ஓட்டிட்டேனே அண்ணா, இன்ஜின் போச்சா?

போகவில்லை, கவலைப்படாதீர்கள். அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், ஃபில்டரையும் சேர்த்து.

வேலூரிலிருந்து: சார், 1,40,000 கி.மீ. ஓடின வண்டி. 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் திங்குது. 40 கிரேடு போட்டா நிக்குமா?

குறையலாம். ஆனால் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங். புகையே இல்லையென்றால் வண்டிக்கடியில் அட்டையை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள், கசிவு தெரிந்துவிடும். புத்தகத்தில் 5டபிள்யூ-40-உம் அனுமதித்திருந்தால் அந்த ஒரு படி ஏறுங்கள். 50-க்குத் தாவ வேண்டாம். வால்வு சீல் மாற்றுவது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் அளவுக்குச் செலவில்லை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து: அண்ணை, என்ர காருக்கு 0டபிள்யூ-20 எண்டு மூடியிலயே எழுதியிருக்கு. 5டபிள்யூ-30 மலிவாக் கிடைக்குது. விடலாமோ?

0டபிள்யூ மைனஸ் 35-க்குச் சோதித்தது, 5டபிள்யூ மைனஸ் 30-க்கு. ரொறன்ரோ குளிருக்கு இரண்டிலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனாலும் மூடியில் எழுதியதையே ஊற்றுங்கள். 20 கிரேடு சொல்லும் இன்ஜினில் 30 ஊற்றினால் எரிபொருள் கொஞ்சம் கூடும், வாரன்டியில் கேள்வி வரும். ஆயிலில் மிச்சம் பிடிக்கும் காசு அதற்கு ஈடாகாது.

திண்டிவனத்திலிருந்து: ஹைவேயில லெவல் குறைஞ்சிடுச்சு. பங்க்ல 10டபிள்யூ-30 மட்டும்தான் இருந்துச்சு, அரை லிட்டர் ஊத்தினேன். என்னோடது 5டபிள்யூ-30. தப்பா?

சரியாகத்தான் செய்தீர்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான் இன்ஜினைக் கொல்லும். டின்னில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் பாருங்கள். டர்போ பெட்ரோல் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால், 2020-இல் வந்த எஸ்பி தரமே நல்லது. மெதுவாக ஓடும் வண்டியில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு இந்த இன்ஜின்களில் உண்டு. அந்தத் தர ஆயில் அதைக் குறைக்கும்.

மதுரையிலிருந்து: கார் ஆயில் மீந்துபோச்சு, பைக்குக்கு ஊத்தலாமாண்ணே?

வேண்டாம். பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே முங்கியிருக்கும், கார் ஆயிலில் உள்ள வழுக்கும் சேர்மானம் அதை ஸ்லிப் ஆக்கிவிடும். ஜாசோ எம்ஏ (இப்படிக் கிளட்ச் முங்கும் பைக்குகளுக்கான ஜப்பானியத் தரம்) என்று எழுதிய டின்னை வாங்குங்கள்.

சென்னையிலிருந்து: ஐயா, பிஎஸ்6 டீசல் கார். வீட்டிலிருந்து ஆபீஸ் 4 கி.மீ. அதுக்கு மேல ஓட்டுறதில்லை. டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறிக்கிட்டே போகுது, ஆயிலும் நீர்த்த மாதிரி இருக்கு. கொஞ்சம் கெட்டி கிரேடு போட்டா சரியாகுமா?

ஆகாது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏறுவது ஆயில் இல்லை, டீசல். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அவ்வப்போது தன்னையே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்காக இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். 4 கி.மீ.யில் அணைத்துவிடுவதால் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள். அளவுக்கு மீறினால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுத்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். புத்தகம் ஏசியா (ACEA, ஐரோப்பியத் தரம்) சி2 சொன்னால் சி2, சி3 சொன்னால் சி3. சாம்பல் குறைந்த ஆயில்கள் இவை, டிபிஎஃப் சீக்கிரம் அடைக்காது. பிறகு வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலையில், ஈசிஆர் பக்கம் 25 நிமிடம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை வண்டியை எடுக்கும் முன் லெவலைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்தும் ஏறினால் அந்தக் குறிப்போடு வாருங்கள், இன்ஜெக்டரைப் பார்ப்போம்.