புவிவெப்ப நீரை ஆராய ஆசைப்படும் மகளுக்கு என்ன படிப்பு?

மகள் வேதியியல் படித்துவிட்டுப் புவிவெப்ப நீரை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் வேதியியல் மட்டும் போதாது, நீரோட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, பாறையிலும் மணலிலும் இருக்கும் சிலிகா என்ற பொருளையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சூடு கூடக் கூடச் சிலிகா அதிகம் கரையும். அதனால் ஊற்று நீரின் சிலிகாவை அளந்தே, கிணறு தோண்டும் முன்பே கீழே எத்தனை டிகிரி இருக்கும் என்று கணக்கிடலாம். ஆனால் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருந்தால் கணக்கு தப்பிவிடும். நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவருக்கே அது பிடிபடும்.

இந்தச் சூட்டை வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையத்திலும் இதே கதைதான். நீர் குளிரும்போது சிலிகா குழாயில் படிந்து அடைக்கும். பயன்படுத்திய நீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தும்போது, அது சீக்கிரமே உற்பத்திக் கிணற்றை எட்டிவிட்டால் கிணறு குளிர்ந்துபோகும். கலிபோர்னியாவின் தி கீசர்ஸ் புவிவெப்ப மின் நிலையப் பகுதியில் நீராவி குறைந்ததால், 1997 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்துகிறார்கள். எந்தக் கிணற்றில் எவ்வளவு செலுத்துவது என்று முடிவு செய்ய இந்தப் படிப்பு படித்தவர்கள்தான் வேண்டும்.

இளநிலையில் வேதியியலோ நிலவியலோ (பாறை, மண் பற்றிய படிப்பு), எதுவானாலும் சரி. கணிதத்தை மட்டும் கைவிட வேண்டாம். பாறையில் நீர் நகர்வதைச் சொல்லும் டார்சி விதியில் தொடங்கி, மேலே போகப் போக எல்லாம் வகைக்கெழுச் சமன்பாடுகள்தான். அப்புறம் முதுநிலையில் நிலத்தடி நீரியலோ புவிவேதியியலோ எடுக்கட்டும். நீர்வேதியியல் கணக்குகளுக்கான ஃப்ரீக்சி மென்பொருள் இலவசம், இப்போதே பழகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நேரடிப் புவிவெப்ப வேலைகள் ஐஸ்லாந்து, நியூசிலாந்து, கென்யா, இந்தோனேசியா போன்ற சில நாடுகளில்தான் அதிகம். ஆனால் நிலத்தடி நீர் மாசு, சுரங்க நீர், உப்புநீரிலிருந்து லித்தியம் எடுப்பது எல்லாவற்றுக்கும் இதே திறமைதான் வேண்டும். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

அடுத்த விடுமுறையில் ஒரு நீர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேரட்டும். வெந்நீர் மாதிரியில் கரைந்த வாயு வெளியேறினால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) மாறிவிடும், அதனால் எடுத்த இடத்திலேயே அளக்க வேண்டும். சிலிகா மாதிரியை அங்கேயே நீர்க்கச் செய்யாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் திரண்டு, அளவு குறைத்துக் காட்டும். இந்த நுணுக்கமான வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வை அதற்குப் பிறகு பேசலாம்.