தீவாந்தரம் வந்த மூதாதை செய்த குற்றம் என்ன? எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் முதலில் பினாங்குக்கு வந்தவர், சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர் என்று பாட்டி சொல்வார். நெற்றியில் ஏதோ பச்சை குத்தியிருந்ததாம், அதனால் தலைப்பாகையைக் கழற்றவே மாட்டாராம். அவர் மகன் பெயரில் 1871-இல் எழுதிய நிலப் பத்திரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவர் மருது பாண்டியர் படையில் இருந்தவர் என்கிறார் பெரியப்பா. கொலை செய்தார் என்கிறார் அத்தை. உண்மையைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: வழி உண்டு. ஆனால் பினாங்கில் தேடத் தொடங்காதீர்கள். குற்றம் நடந்ததும், விசாரித்ததும், தீர்ப்பு எழுதியதும் மெட்ராஸ் ராஜதானியில். இங்கே வந்தது ஆளும் அவரோடு ஒரு பட்டியலும்தான். அந்தப் பட்டியலில் குற்றம் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். என்ன நடந்தது, யார் சாட்சி சொன்னார்கள் என்பதெல்லாம் அக்கரைக் காகிதங்களில் இருக்கிறது. அவற்றை எடுக்க அவருடைய பெயரை விட இரண்டு விவரங்கள் முக்கியம்: தண்டனை விதித்த ஆண்டு, விசாரித்த மாவட்டம். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே பெயர் தென்மாவட்டங்களில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்.

பாட்டி சொன்ன பச்சைதான் உங்களிடம் உள்ள மிகப் பெரிய துப்பு. வங்காளத்திலும் மெட்ராஸிலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. ‘கோத்னா’ என்பார்கள். செய்த குற்றம், தீர்ப்புத் தேதி போன்றவற்றை உள்ளூர் மொழியிலேயே குத்திவிடுவார்கள், தப்பி ஓடினாலும் பார்த்தவர் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று. கைதிகள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அதை மறைத்தார்கள் என்பது அக்காலக் குறிப்புகளிலேயே உண்டு. ஆக, பாட்டி சொன்னது கற்பனை அல்ல. நீங்கள் தேடும் பதிலை அந்த மனிதர் சாகும்வரை நெற்றியிலேயே சுமந்திருக்கிறார்.

இந்த வழக்கம் 1849-இல் ஒழிக்கப்பட்டது. எனவே உங்கள் மூதாதை அதற்கு முன் தண்டனை பெற்றவர். மகன் 1871-இல் பத்திரம் எழுதும் வயதில் இருந்தார் என்றால், அவர் 1850-க்கு முன்னோ அதை ஒட்டியோ பிறந்திருக்க வேண்டும். வந்த உடனே எந்தக் கைதிக்கும் குடும்பம் அமையவில்லை. இந்தப் பகுதியில் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, நன்னடத்தையைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தினார்கள். வெளியே தங்கிப் பிழைக்கும் அனுமதிச் சீட்டு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். (1840-களில் இந்த விதிகளைத் திருத்தி அமைத்த கவர்னரின் பெயர்தான் உங்கள் ஊருக்கு வைக்கப்பட்டிருக்கிறது.) இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், 1825-க்கும் 1845-க்கும் இடையே வந்திருப்பார் என்பது என் கணிப்பு. இந்த இருபது ஆண்டுகளை முதலில் தேடுங்கள்.

பெரியப்பாவின் கதைக்கும் இதுவே பதில். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினார்கள். சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் இருந்தார்கள். உங்கள் மூதாதை அவர்களில் ஒருவர் என்றால், 1850 வாக்கில் மகன் பிறந்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும். நடக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் நம்புவது கடினம். தவிர, அந்தக் குழு வழக்கமான கோர்ட் வழியாக வந்ததல்ல, ராணுவ நடவடிக்கையின் முடிவில் ஏற்றப்பட்டது. நெற்றிப் பச்சை கோர்ட் தண்டனைக்காரர்களுக்கானது. தென்பாண்டிச் சீமையிலிருந்து கைதியாக வந்த எல்லாருமே மருதுவின் ஆட்கள் என்று நினைக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. திருடன் பேரன் என்பதை விடப் போராளி பேரன் என்று சொல்லிக்கொள்ளத்தான் யாருக்கும் பிடிக்கும்.

அடுத்து மாவட்டம். சாத்தூர் இப்போது விருதுநகர் மாவட்டம், அதற்கு முன் ராமநாதபுரம். ஆனால் ராமநாதபுரம் மாவட்டமே 1910-இல்தான் உருவானது. அதுவரை சாத்தூர் திருநெல்வேலியைச் சேர்ந்தது. மதுரை, ராமநாதபுரம் என்று தேடினால் வருடக்கணக்கில் தேடலாம், ஒன்றும் வராது.

1843 வரை இப்படிப்பட்ட பெரிய வழக்குகளை ஊர் ஊராகச் செல்லும் சர்க்யூட் கோர்ட் விசாரித்தது. தென்மண்டல சர்க்யூட்டின் தலைமையிடம் திருச்சி. 1843-க்குப் பிறகு மாவட்ட செஷன்ஸ் நீதிபதி. கொலை போன்ற கடும் வழக்குகளின் காகிதங்கள் முழுவதும் மெட்ராஸில் இருந்த ஃபவுஜ்தாரி அதாலத் என்ற தலைமைக் குற்றவியல் மன்றத்துக்குப் போகும், தண்டனையை அதுதான் உறுதி செய்யும். இன்னொரு விஷயம், அன்றைக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் கிடையாது. அது 1860-இல் எழுதப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஒழுங்குவிதிகளால் திருத்திய இஸ்லாமியக் குற்றவியல் முறையை ஓட்டிக்கொண்டிருந்தது. எனவே சாத்தூர் விவசாயி ஒருவரின் வழக்கில் முஸ்லிம் சட்ட அதிகாரியின் ஃபத்வா (சட்டக் கருத்து) குறுக்கே வந்தால், வேறு யாருடைய காகிதமோ என்று புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

இந்தக் காகிதங்களில் பிழைத்தவை சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மெட்ராஸ் நீதித்துறை ஆலோசனைக் கோப்புகள் என்று கேளுங்கள். அவை ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டவை, ஒவ்வொரு ஆண்டுக்கும் பெயர், பொருள் அட்டவணை உண்டு. அட்டவணையில் பினாங்குக்குக் கைதிகளை அனுப்பும் உத்தரவுகளை முதலில் எடுங்கள். கூட இணைத்த பட்டியல் இருந்தால் அதிர்ஷ்டம்: பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், அங்க அடையாளம், ஊர், குற்றம், தீர்ப்புத் தேதி எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். எல்லாக் கப்பலுக்குமான பட்டியல்களும் பிழைக்கவில்லை. கிடைக்காத ஆண்டுகளுக்கு, திருநெல்வேலியிலிருந்து ஃபவுஜ்தாரி அதாலத்துக்குப் போன வழக்குகளை நேராகப் பார்க்க வேண்டியதுதான். எழும்பூரில் பக்கம் பொடிந்து போயிருந்தால் மனம் தளர வேண்டாம். கம்பெனி ஒவ்வொரு கோப்புக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பியது. அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கின்றன.

ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்து, சுப்பன் போன்ற பெயர்களில் ‘உ’ ஓசைக்கு இரண்டு ‘ஓ’ எழுத்து போடுவது அவர்கள் வழக்கம். கறுப்பன் ‘கே’யில் அல்ல, ‘சி’யில் கிடப்பார். கணினியில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

குற்றம் கிடைத்தால் அதைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். தெற்கத்திக் கைதிகளிடம் அடிக்கடி காணும் குற்றம் கூட்டுக்கொள்ளை. கும்பலில் ஒருவர் கையால் உயிர் போனாலும், கூட நின்றவர்களும் தீவாந்தரம் போனார்கள். அத்தை சொல்லும் கொலையும் பட்டியல் சொல்லும் கொள்ளையும் ஒரே சம்பவமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதுவும் திருநெல்வேலிப் பக்கம் பரம்பரைக் காவல்காரர்களின் உரிமையைக் கம்பெனி பிடுங்கிய காலம் அது. ஊர்க்காவல் தகராறு கோர்ட்டுக்கு வரும்போது கொள்ளை வழக்காக உருமாறியிருக்கலாம். தீர்ப்பு வரியோடு நிற்காமல் சாட்சிகள் சொன்னதையும் நகலெடுத்து வரச் சொல்கிறேன்.

சரி, மலேசியாவில் ஒன்றுமே இல்லையா என்றால், குற்றத்துக்கு அல்ல, அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு நிறைய உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்தின் ஆவண மூலங்கள் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நுண்படச் சுருள்களை (மைக்ரோஃபிலிம்) கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் கேட்டுப் பாருங்கள். அதில் கருணை மனுக்களைத் தேடுங்கள். விடுதலை கேட்டு எழுதும்போது எந்த ஆண்டு, எந்தக் கோர்ட்டில், எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை என்று திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் ஒன்று கிடைத்தால் எழும்பூர் வேலை பாதியாகக் குறையும். 1830-இல் பினாங்கு வங்காளத்தின் கீழ் போய்விட்டதால், அதற்குப் பிந்தைய கடிதங்கள் கல்கத்தாவுக்கும் சென்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் சில கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிங்கப்பூர் நூலகத்தின் இலவசப் பத்திரிகைத் தளமும் இருக்கிறது, ஆனால் கைதி தப்பி ஓடினாலோ மறுபடி வழக்கில் மாட்டினாலோ தவிர அவர் பெயர் அச்சில் வருவது அபூர்வம்.

எழும்பூருக்குக் கடிதம் போடுவதற்கு முன் ஒரு வேலை. குடும்பத்தின் மற்ற கிளைகளிடம், குறிப்பாக வயதான பெண்களிடம், அந்தப் பெரியவருடைய தகப்பன் பெயரையும் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்தில், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நின்றால், உங்கள் ஆளைப் பிரித்தெடுக்க அந்த இரண்டு விவரங்களைத் தவிர வேறு எதுவும் உதவாது.