டி.சி.க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். மகன் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். கணக்கில் மட்டம். "பத்தாம் வகுப்பில் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்கிறார் தலைமை ஆசிரியர். கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஒரு வெள்ளைத்தாளையும் கொடுத்தனுப்பினார். பையனைக் கோவையில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்ய?

பதில்: அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று மேலே அவர்களே எழுதிக்கொள்வார்கள். சான்றிதழில் 'பள்ளியை விட்டு நீங்கிய காரணம்' என்னும் இடத்தில் 'பெற்றோர் வேண்டுகோள்' என்று ஏறிவிட்டால், பையனை யாரும் விரட்டவில்லை, நீங்களே கூட்டிப் போனீர்கள் என்றாகிவிடும். பிறகு வழக்கென்று போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான்.

'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று வாசலில் பேனர் கட்டுவதற்காக நடக்கிற வேலை இது. ஒரு பையனை 35 மதிப்பெண்ணுக்குத் தேற்றிவிட முடியாத பள்ளிக்குப் பேனர் எதற்கு?

சட்டத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். மாணவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிற, 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு எட்டாம் வகுப்பு வரைதான் கைகொடுக்கும். அதற்காக, அரசு மானியம் வாங்கும் பள்ளி காரணத்தை எழுத்தில் தராமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் நீக்கிவிட முடியாது. மதிப்பெண் குறைவது ஒழுங்கீனம் ஆகாது. மீறி நீக்கினால், அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. 'மகன் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பைத் தொடர்வான், நாங்கள் டி.சி. கேட்கவில்லை' என்று இரண்டே வரி எழுதுங்கள். கொடுத்ததற்கு நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் வையுங்கள். அதற்கும் அசையவில்லையா, திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

தனித்தேர்வர் என்பதைச் சுலபமாகச் சொல்லிவிட்டார். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும், சொல்லித்தர ஆள் கிடையாது. பள்ளியிலேயே எழுதி ஒரு பாடத்தில் தவறினாலும், உடனே வரும் துணைத் தேர்வில் தேறி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் பள்ளியில் படிக்கிறவனுக்குத்தான். உங்கள் அடையாள அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஆபத்தான தொழில்களில் 18 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பது குற்றம் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது மகனின் ஆதார், மதிப்பெண் அட்டை, தபால் ரசீது மூன்றையும், கையெழுத்துப் போடாத அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.